வாக்கிங் வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: உடம்பு, தூக்கம், மனசு

நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்துக்குப் பக்கத்தில், கடலோர ஊர் ஒன்றில், ஆறு வருடமாகக் காலையில் ஒரு சின்னக் கூட்டத்தோடு நடக்கிறேன். கடலுக்குப் போகிறவர்கள், கடல்பாசி எடுக்கும் பெண்கள், வலை கட்டுகிறவர்கள், காவலர் தேர்வுக்கு ஓடும் பையன்கள் என்று எல்லோரும் வருவார்கள். கேட்கிற ஆள்தான் மாறுகிறாரே தவிர, கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் போக வேண்டிய இடம் வரும்போது அதைச் சொல்லியிருக்கிறேன்.

"கடலுக்குப் போறவனுக்குத் தனியா எதுக்கு சார் எக்சர்சைஸ்? வலை இழுக்குறது பத்தாதா?"

வலை இழுப்பது கடுமையான உழைப்பு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த உழைப்பு உடம்பின் ஒரு பக்கத்திடமே திரும்பத் திரும்ப வேலை வாங்குகிறது. குனிந்த முதுகு, இழுக்கும் கை, மடங்கிய முழங்கால். நெஞ்சுத் தசைக்கும் தொடையின் பின்பக்கத்துக்கும் இடுப்பைத் தாங்கும் தசைகளுக்கும் அதில் பெரிதாக வேலை கிடையாது. வேலை செய்யும் தசை இறுகிப்போகிறது, சும்மா இருக்கும் தசை தளர்ந்துபோகிறது. நாற்பது வயதில் "முதுகு பிடிச்சிருச்சு" என்று வருகிறவர்களிடம் நான் பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான்.

இன்னொரு விஷயமும் உண்டு. பாய் கட்டி, துடுப்புப் போட்ட காலத்து உடம்பை நினைத்துக்கொண்டு இன்றைய வேலையைக் கணக்குப் போடக் கூடாது. இப்போது இன்ஜின் ஓடுகிறது, விசைப்படகில் வலையை வின்ச் இயந்திரம் இழுக்கிறது. போகவர மணிக்கணக்கில் உட்கார்ந்தே இருக்கிறோம். இதயத்துக்கு வேண்டியது விட்டுவிட்டு வரும் இரண்டு நிமிட முரட்டு வேலை மட்டும் அல்ல. மூச்சு சற்று வாங்கும்படி நிற்காமல் தொடரும் அசைவும் வேண்டும். அது வலையில் கிடைப்பதில்லை, நடையில் கிடைக்கும்.

"அப்ப எவ்வளவு நேரம் நடந்தா போதும்?"

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தினம் அரை மணி வீதம் வாரம் ஐந்து நாள் நடந்தால் 150 வந்துவிடும். அரை மணி சேர்ந்தாற்போல் கிடைக்கவில்லையா, காலையில் பதினைந்து, சாயங்காலம் பதினைந்து என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

வேகத்துக்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. நடக்கும்போது பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. பேசவே முடியவில்லை என்றால் குறைத்துக்கொள்ளுங்கள்.

நடையோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். அதற்கு ஜிம் வேண்டாம். நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தண்டால், மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மேலே தூக்குவது. இந்த மூன்றும் முந்தைய பதிலில் சொன்ன, வலையில் வேலை கிடைக்காத தசைகளுக்கே போய்ச் சேரும்.

"மணல்ல நடக்குறது நல்லதா, ரோட்டுல நடக்குறது நல்லதா?"

இரண்டும் நல்லதுதான். புதைமணலில் நடந்தால் உடம்புக்கு வேலை அதிகம். கணுக்காலும் கெண்டைக்காலும் சீக்கிரம் வலிக்கும். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் அலை நனைத்து இறுகிய ஈரமணலில் தொடங்குங்கள். கரை சரிந்திருப்பதால் ஒரே பக்கமாக நடந்தால் ஒரு காலுக்குப் பாரம் கூடும். போன வழியே திரும்பி வந்தால் சரியாகிவிடும்.

சர்க்கரை உள்ளவர்கள் மட்டும் வெறுங்காலோடு நடக்கவே வேண்டாம். பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் சிப்பி குத்தியதும் தெரியாது, தூண்டில் முள் ஏறியதும் தெரியாது. மூன்றாம் நாள் புண் சீழ் பிடித்த பிறகுதான் தெரியும். பின்வார் உள்ள செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் பாதத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

எந்தக் கரை என்பது காற்றைப் பொறுத்தது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் பக்கம் மணல் முகத்தில் அறையும், அப்போது வடகடல் கரைக்குப் போய்விடுவோம். வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்றில் அப்படியே மாற்றிக்கொள்வோம். ஒரு பக்கம் கொந்தளித்தால் மறுபக்கம் அமைதியாகக் கிடக்கும் இரண்டு கடல் நமக்கு இருக்கிறதே!

"இந்த வெயில்ல எந்த நேரத்துல நடக்குறது?"

காலை ஏழுக்கு முன், மாலை ஐந்தரைக்குப் பின். நம் பக்கத்தில் வெயிலை விடப் புழுக்கம் மோசம். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றிலேயே ஈரம் இருப்பதால் வியர்வை வழிகிறதே தவிர காய்வதில்லை. அதனால் மதுரைக்காரர் தாங்கும் நடையை மே மாதத்தில் இங்கே அப்படியே போட முடியாது.

கிளம்பும் முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். வந்த பிறகு நீராகாரமோ மோரோ போதும். பதநீர் நல்ல பானம்தான், ஆனால் அதில் சர்க்கரை நிறைய; சர்க்கரை நோயாளிகள் அதைத் தண்ணீர் போலக் குடிக்கக் கூடாது. தலைசுற்றல், குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு வந்தால் நிழலில் உட்கார்ந்துவிடுங்கள். ஆள் குழறிப் பேசினாலோ, நினைவு தடுமாறினாலோ அது வெப்பவாதம். உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

"கருவாடு இல்லாம சோறு இறங்காது. பிரஷர்னு சொல்றாங்க. விட்டுத்தான் ஆகணுமா?"

ஒரு நாளைக்கு ஒருவருக்கு மொத்தம் ஐந்து கிராமுக்குள் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன் அளவு. அவ்வளவுதான் கணக்கு. இதில் குழம்பில் போட்டது, ஊறுகாயில் இருப்பது, அப்பளத்தில் இருப்பது எல்லாம் அடக்கம். கருவாட்டுத் துண்டு ஒன்றிரண்டிலேயே அதில் பெரும்பங்கு போய்விடும்.

பிரஷர் உள்ளவரிடம் அடியோடு விடுங்கள் என்றுதான் டாக்டர் சொல்வார். முடியாது என்கிறவர்களுக்கு நான் சொல்வது இது: வாரம் ஒரு நாள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீரில் ஊறப்போட்டு இரண்டு மூன்று முறை தண்ணீரை மாற்றிக் கொட்டுங்கள், உப்பு ஓரளவு இறங்கும். அந்தக் குழம்பில் தனியாக உப்புப் போடாதீர்கள். மற்ற நாளில் பச்சை மீன் சாப்பிடுங்கள். கடலே வாசலில் இருக்கும் ஊரில் சாளையும் நெத்திலியும் இதயத்துக்கு நல்ல கொழுப்பைக் குறைந்த காசில் தருகின்றன. குழம்பாக வையுங்கள், எண்ணெயில் முக்கிப் பொரிக்காதீர்கள்.

பிரஷர் வலிக்காது. "எனக்கு ஒண்ணும் செய்யலையே" என்பது ஆதாரம் ஆகாது. 140-க்கு 90 என்ற அளவையோ அதற்கு மேலோ இரண்டு மூன்று தடவை காட்டினால் மருத்துவரைப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், மாத்திரையும் கொடுக்கிறார்கள். கதவைத் தட்டும் அந்தப் பெண்ணை "அப்புறம் வாங்கம்மா" என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

"நாங்க பாசி எடுக்குறவங்க. நாளு முழுக்கத் தண்ணியிலதான் கெடக்குறோம். தோள்பட்டை தூக்க முடியலண்ணே."

மூச்சடக்கி முங்குவதும், பாறையைப் பிடித்துப் பாசியைப் பிய்ப்பதும், நனைந்த சாக்கைத் தலைக்கு மேல் தூக்கிப் படகில் போடுவதும் தோளுக்குப் பெரிய சுமை. பழைய சைக்கிள் டியூப் ஒன்றை ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு மெதுவாகப் பின்னால் இழுங்கள். பதினைந்து முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். இரண்டு தோள்பட்டை எலும்பும் பின்னால் நெருங்குவது தெரிய வேண்டும். சாக்கைத் தூக்கும்போது இரண்டு பேராகத் தூக்குங்கள்.

இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாத வலி, அல்லது கை மரத்துப் போவது இருந்தால் டியூப் வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

"வீட்டுக்காரர் சவுதியில இருக்காக. நான் எங்கே ரோட்டுல நடக்குறது?"

கீழக்கரையிலிருந்தும் தொண்டியிலிருந்தும் வந்து கேட்கிறார்கள். மொட்டை மாடி போதும். ஒரு சுற்று எத்தனை அடி என்று எண்ணிக்கொண்டு பத்து நிமிடம் மூன்று தடவை நடங்கள். நாற்காலி, சுவர், டியூப் மூன்றும் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் தனியாகச் செய்யாதீர்கள். பக்கத்து வீட்டு லாத்தாவையும் (அக்காவையும்) கூப்பிடுங்கள். உடம்புக்கு நடை எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவு மனசுக்குப் பேச்சு வேண்டும். வீடியோ காலில் எல்லாம் நல்லா இருக்கு என்று மட்டுமே சொல்லிச் சொல்லி உள்ளுக்குள் அடைத்து வைக்கிற பெண்கள் இந்தக் கடற்கரையில் நிறைய.

"நோன்பு மாசத்துல என்ன செய்றது?"

நோன்பு திறப்பதற்கு முந்தைய அரை மணியில் மெதுவாக நடக்கலாம். கடினமான பயிற்சி வேண்டாம். இரவில் தொழும் தராவீஹ் தொழுகையே ஓரளவு உடற்பயிற்சிதான், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் ரமலானுக்கு முன்பே டாக்டரைப் பார்த்து, மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றி வாங்கிக்கொள்ள வேண்டும். பகலில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலோ, 300-க்கு மேலே ஏறினாலோ அந்த நிமிடமே நோன்பை விட்டுவிட வேண்டும். நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது. விரலில் குத்திப் பரிசோதித்தால் நோன்பு முறியாது என்று மார்க்க அறிஞர்களும் சொல்லியிருக்கிறார்கள்.

"ராத்திரி கடல், பகல் தூக்கம். எவ்வளவு தூங்கினாலும் தூங்கின மாதிரியே இல்லை."

பகல் தூக்கம் ராத்திரித் தூக்கத்துக்கு ஈடாகாது. வெளிச்சம் பட்டால் உடம்பு விழிக்கச் சொல்லும். ஆகவே இருட்டை நாமே உண்டாக்க வேண்டும். ஜன்னலுக்கு அடர்த்தியான துணி, கண்ணுக்கு மேல் ஒரு துண்டு, போன் வேறு அறையில். கரைக்கு வரும் வழியில் குடிக்கும் கடைசி டீயைத் தள்ளிவையுங்கள். அதன் வேகம் அடங்க ஐந்தாறு மணி நேரம் ஆகும். கடலுக்குப் போகாத நாளிலும் பகல் முழுவதும் தூங்காமல், ஒரு மணி நேரத்தோடு எழுந்துவிடுங்கள்.

நன்றாகத் தூங்கியும் களைப்பு தீரவில்லை, குறட்டை நின்று நின்று வருகிறது என்று வீட்டில் சொன்னால் அதற்குச் சிகிச்சை இருக்கிறது. டாக்டரிடம் சொல்லுங்கள்.

"தடைக்காலத்துல குடி கூடிடுது. குடிச்சாத்தான் வலியும் போகுது, தூக்கமும் வருது."

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மீனுக்கு இனப்பெருக்கக் காலம், நமக்கு வருமானம் இல்லாத காலம். காலையில் எழுந்து போக இடமில்லாத ஆணுக்கு நாள் மிக நீளமாக இருக்கிறது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, பார்த்துப் பார்த்து வருத்தப்பட்டுச் சொல்கிறேன். அந்த 61 நாளுக்கும் ஒரு நேர அட்டவணை போடுங்கள்: காலை நடை, அதன்பின் வலை கட்டுவது, படகுக்கு வர்ணம், சாயங்காலம் பையன்களோடு கைப்பந்து. வலை கட்டும்போது முக்கால் மணிக்கு ஒரு முறை எழுந்து நில்லுங்கள், கழுத்தைப் பின்னால் சாய்த்துக்கொள்ளுங்கள்.

சாராயம் தூக்கத்தைக் கொண்டுவருவது போலத் தோன்றும். பாதி ராத்திரியில் அதுவே எழுப்பிவிடும். வலியும் போவதில்லை, தெரியாமல் மறைகிறது. மறைந்த வலியோடு மறுநாள் தூக்கினால் காயம் பெரிதாகும்.

ஒரு எச்சரிக்கை. பல வருடம் தினமும் அதிகம் குடித்தவர் திடீரென்று வீட்டிலேயே நிறுத்தக் கூடாது. கை நடுக்கம், வலிப்பு, இரண்டு மூன்று நாளில் இல்லாததைப் பார்ப்பது, உளறுவது எல்லாம் வரலாம். உயிருக்கே ஆபத்து. நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் ஆஸ்பத்திரியில் மருந்தோடு நிறுத்த வேண்டும்.

"அவரு கரைக்கு வர்ற வரைக்கும் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. இது நோயா?"

காற்று மாறினாலும், எல்லையில் படகைப் பிடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தாலும் இந்தக் கரையில் எந்தப் பெண்ணுக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்யும். அது நோய் இல்லை, பாசம். அந்த நேரத்தில் நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விடுங்கள், ஐந்து நிமிடம். மூச்சை வெளியே விடுவது நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு இறங்கும். டிவி முன்னால் தனியாக உட்காராதீர்கள், நாலு பேர் இருக்கும் வாசலுக்குப் போங்கள்.

அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்த பிறகும் படபடப்பு நிற்கவில்லை, வாரக்கணக்கில் தூக்கம் போயிற்று, சமையலில் கை ஓடவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். நெஞ்சை அழுத்தும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை இருந்தால் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டு இருக்காதீர்கள், 108.

"கவலைக்கும் மனச்சோர்வு நோய்க்கும் என்ன சார் வித்தியாசம்?"

கவலைக்குக் காரணம் இருக்கும். நல்லது நடந்தால் கொஞ்சம் விலகும். மனச்சோர்வு அப்படி விலகாது. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நேரம் மனசு கனத்துக் கிடப்பது, பிடித்த எதிலும் பிடிப்பு இல்லாமல் போவது, தூக்கமும் பசியும் மாறுவது, நான் எதற்கும் லாயக்கில்லை என்று தோன்றுவது. ஆண்களிடம் இதுவே எரிச்சலாகவும் குடியாகவும் தெரியும்.

லேசான சோர்வுக்கு நடை உண்மையிலேயே மருந்து போல வேலை செய்கிறது. கடுமையானதற்கு நடை மட்டும் போதாது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற இலவச மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம்.

"மாத்திரை ஆரம்பிச்சா அதுக்கு அடிமையாயிடுவாங்களாமே?"

தூக்க மாத்திரை வேறு, மனச்சோர்வு மாத்திரை வேறு. சில தூக்க மாத்திரைகள் பழக்கமாகும், அதனால்தான் கொஞ்ச நாளுக்கு மட்டும் எழுதுவார்கள். மனச்சோர்வு மாத்திரை போதை தராது. ஆனால் இரண்டு முதல் நாலு வாரம் கழித்துத்தான் பலன் தெரியும். பலர் பத்து நாளிலேயே "கேட்கல" என்று விட்டுவிடுகிறார்கள். சரியான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், நிறுத்தும்போது டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். படக்கென்று நிறுத்தினால் வரும் தலைசுற்றலைப் பார்த்துத்தான் அடிமை என்ற பேச்சு கிளம்பியிருக்கும்.

"ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போறதா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதா?"

இந்தக் கேள்வி கேட்கிறவர்கள் எப்போதும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். மனசு சரியில்லாதவர்களைக் கூட்டிப்போகும் ஏர்வாடி தர்காவுக்குப் போவதை நான் தடுக்க மாட்டேன். சாதி மதம் பார்க்காமல் தலைமுறை தலைமுறையாக எல்லோரும் போகும் இடம் அது. அங்கே கிடைக்கும் ஆறுதல் உண்மையானது. ஆனால் காதில் குரல் கேட்கிறது, யாரோ கொல்ல வருகிறார்கள் என்று பயப்படுகிறார் என்றால் அது மூளையின் நோய், அதற்கு மருந்து வேண்டும். துஆவும் (பிரார்த்தனையும்) மருந்தும் சேர்ந்தே போகலாம். ஏர்வாடியிலேயே அப்படி ஏற்பாடு வந்திருக்கிறது. ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்த்து, மாத்திரையை வாங்கிக்கொண்டு, அப்புறம் தர்காவுக்கும் போங்கள்.

செய்யவே கூடாதது கட்டிப்போடுவது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வகையிலும் சங்கிலி போடுவதைத் தடை செய்திருக்கிறது. அது வீட்டுக்கும் பொருந்தும்.

"செத்துப்போறேன்னு சொல்லிக்கிட்டே இருக்கா. சும்மா மிரட்டுறாதானே?"

மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. மாறாக, சொல்ல ஒரு ஆள் கிடைத்த நிம்மதி வரும். புத்தி சொல்லாதீர்கள், பிள்ளைகளைக் காட்டிக் குற்றவுணர்வு ஏற்றாதீர்கள், கேளுங்கள். வீட்டில் இருக்கும் பூச்சிமருந்து, எலிமருந்து, மாத்திரை எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். அன்று இரவு தனியாக விடாதீர்கள். 14416 அல்லது சுகாதார உதவி எண் 104-ஐக் கூப்பிடுங்கள். ஏதாவது சாப்பிட்டுவிட்டால் உடனே 108.

போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து மறைத்துத் தாமதித்தே உயிர் போகிறது. முயன்றவர் கடுமையான மன உளைச்சலில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று மேலே சொன்ன அதே சட்டம் சொல்கிறது.

"பதினஞ்சு நாள் விட்டுப்போச்சு சார். மறுபடி வர வெக்கமா இருக்கு."

வாருங்கள். விட்டபோது அரை மணி நடந்திருந்தால் இப்போது கால் மணியில் தொடங்குங்கள், வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். காய்ச்சலால் விட்டது என்றால் காய்ச்சல் முழுதாகப் போய், சோர்வும் தெளிந்த பிறகு வாருங்கள்.

"நீங்க இவ்வளவு சொல்றீங்களே, உங்களுக்கு இப்படி எதுவும் வந்திருக்கா சார்?"

வந்திருக்கிறது. என் மனைவி இறந்த பிறகு நாலு மாதம் நான் வாசல் தாண்டவில்லை. முப்பது வருடம் பிள்ளைகளை ஓடவிட்டவன், பல் தேய்க்கவே மத்தியானம் ஆக்கினேன். பக்கத்துத் தெருவில் வலை கட்டும் ஒருவர் தினமும் ஆறு மணிக்கு வந்து, "வலை காயப்போடணும் சார், ஒரு முனையைப் பிடிங்க" என்று கூப்பிடுவார். ஆறுதல் எதுவும் சொல்ல மாட்டார். முதல் பத்து நாள் நான் போகவில்லை, அவர் வருவதை நிறுத்தவில்லை. பதினோராம் நாள் போய் முனையைப் பிடித்தேன். அடுத்த மாதம் அவர்தான் என்னை டாக்டரிடம் கூட்டிப்போனார். ஒன்பது மாதம் மாத்திரை சாப்பிட்டேன், டாக்டர் சொல்லி நிறுத்தினேன். இப்போதும் அவர் வீட்டு வாசலில் இருந்துதான் காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்புகிறோம்.